காப்பு கட்டிய வார்டு

‘அவசரமில்லாத’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அந்தச் சொல்லை உத்தரவில் எழுதிய புண்ணியவானுக்கு ஒரே ஒரு நாள் அத்தாயியின் சேலையைக் கட்டிவிட்டு மாட்டுக் கொட்டகையில் படுக்க வைத்திருந்தால் போதும். எது அவசரம், எது அவசரமில்லை என்று அப்புறம் அவனே சொல்லியிருப்பான்.

நான் சென்னியம்மாள். ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். சின்ன வயதிலேயே தாலியறுத்தவள். மூலையில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்து நர்ஸ் வேலை படித்தவள். ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில், பெண்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். எனக்கு வாய் நீளம் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. பேசிவிட்டுப் போகட்டும். அந்த வாய் மட்டும் இல்லையென்றால் வார்டில் இருந்த பாய் தலையணைகூட எங்களுக்கு மிஞ்சியிருக்காது.

எங்கள் டாக்டர் அம்மாவின் பெயர் அன்னபாக்கியம். பாளையங்கோட்டைப் பக்கத்து வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். ஆள் குள்ளம். அறுவை மேசை உயரம் என்று காலுக்கடியில் பலகை போட்டு ஏறி நின்றுதான் கத்தியைக் கையில் எடுப்பார். கோபம் வந்தாலும் என்னை ‘ஏட்டி’ என்பார், சந்தோஷம் வந்தாலும் ‘ஏட்டி’தான். இது எந்த ஏட்டி என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. ஆனால் அந்தக் கை இருக்கிறதே, அதற்குக் கோயில் கட்டினாலும் தகும்.

மேட்டூர் அணையில் தண்ணீர் தேக்கிய மறு வருஷம், தை மாதத்தில் ஒரு கட்டைவண்டி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. வண்டியில் வைக்கோல் மெத்தைமேல் ஒரு பெரிய மனுஷி கம்பீரமாக உட்கார்ந்திருந்தாள். நோயாளி அவள்தான் என்று நினைத்து நான் கை கொடுக்கப் போனேன்.

“நானில்லீங்க, அவ,” என்று அவள் பின்பக்கம் மோவாயைக் காட்டினாள்.

வண்டிக்குப் பின்னால், பத்தடி தள்ளி, முழங்கால் வரை புழுதியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். இருபது வயதுகூட இருக்காது. ஊரிலிருந்து அவ்வளவு தூரமும் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறாள். வண்டியில் ஏற்றினால் வைக்கோல் நனைந்துவிடுமாம். அவள்தான் அத்தாயி. வண்டியில் இருந்தவள் மாமியார் கந்தம்மாள்.

தலைப்பிரசவத்தில் குழந்தை குறுக்கே மாட்டி, மூன்று நாள் வலித்து, குழந்தையும் போய், உள்ளே ஓர் ஓட்டை விழுந்துவிட்டது. அன்றிலிருந்து சிறுநீர் நிற்காமல் ஒழுகிக்கொண்டே இருந்தது. படுத்தாலும் ஒழுகும், நின்றாலும் ஒழுகும். இரண்டு வருஷமாக அவளுக்கு மாட்டுக் கொட்டகையில்தான் படுக்கை. சோறு தனித் தட்டில். அடுப்படிக்குப் போகக்கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது, நோம்பி நாளில் மாரியம்மன் கோயில் பக்கம் தலைகாட்டக் கூடாது. புருஷன் சென்றாயன் நல்லவன் என்றாள். நல்லவன் என்றால் என்ன, ஆத்தாள் பார்க்காத நேரத்தில் கொட்டகைக்கு வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவான். அவ்வளவுதான் அவன் வீரம்.

டாக்டர் அம்மா பார்த்தார். புண்ணாகிக் கிடந்த தொடைக்குக் களிம்பு கொடுத்தார். “தைச்சுடலாம். புண்ணு ஆறட்டும், மாசியிலே வா,” என்றார்.

அத்தாயி காதில் விழாதவள்போல நின்றாள். டாக்டர் அம்மா மறுபடியும் சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். உட்கார்ந்த இடம் நனைந்தது தெரிந்து, அழுதுகொண்டே அதை முந்தானையால் துடைத்தாள். கந்தம்மாளைத் திட்டித் தீர்த்தேன், வேறென்ன செய்வது.

மாசியில் அவர்கள் வந்தபோது எங்கள் ஆஸ்பத்திரியில் நிற்க இடமில்லை. கிணறுகள் அடி வற்றிய சமயம் பார்த்து வாந்திபேதி வந்துவிட்டது. கட்டில், தாழ்வாரம், வேப்பமரத்தடி, எங்கே பார்த்தாலும் காலரா. ஜில்லாவிலிருந்து உத்தரவும் வந்திருந்தது. மறு உத்தரவு வரும்வரை அவசரமில்லாத அறுவைகள் எல்லாம் நிறுத்தம்.

அதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். காலராக்காரி பக்கத்தில் ஒருத்தியை வயிறு கிழித்துப் போட்டால் என்ன ஆகும்? எல்லாம் சரி. ஆனால் அதை வாசலில் நின்று அத்தாயியிடம் சொல்ல வேண்டியவள் நான் அல்லவா? சொன்னேன்.

“ஏனுங்க, எனக்கு அவசரமில்லைன்னு அவிங்களுக்கு ஆருங்க சொன்னாங்க?” என்று கேட்டாள். கோபமே இல்லாமல் கேட்டாள். பிறகு வண்டிக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தாள்.

எனக்குப் பின்னால் டாக்டர் அம்மா நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. கை முழுக்கச் சுண்ணாம்புத் தூள். “ஏட்டி,” என்றார். அது கோபத்து ஏட்டி. அன்றைக்கே ஜில்லா ஆபீசுக்கு எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். காலராவோடு மல்லுக்கட்டிய கையோடு உட்கார்ந்து எழுதுவார். பங்குனி பிறந்து, காலராக்காரர்கள் கிடந்த முன்கட்டில் பாதிக் கட்டில் காலியானபோதுதான் பதில் வந்தது. அறுவை நோயாளிகளை முழுக்கத் தனியாகப் பிரித்து வைக்க முடியுமானால், டாக்டரின் சொந்தப் பொறுப்பில் செய்துகொள்ளலாமாம். முன்கட்டைப் பார்த்துக்கொள்ளச் சேலத்திலிருந்து ஒரு டாக்டரையும் அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால், பின்கட்டு என்று ஓர் ஓட்டுக் கட்டிடம் சும்மா கிடந்தது. அதற்குத் தனிக் கிணறு, தனி அடுப்பு. நாங்கள் நாலு நாள் கழுவினோம். கார்பாலிக் நெடியில் எனக்குச் சோறே இறங்கவில்லை. ஆள் அனுப்பி வரவழைத்த மூன்று நோயாளிகள், ஆளுக்கொரு துணை. அத்தாயிக்குத் துணை கந்தம்மாள். உள்ளே வந்தவர் வெளியே போகக்கூடாது, வெளியே இருப்பவர் உள்ளே வரக்கூடாது. அறிவிப்பு எழுதி வாசல் படலில் மாட்டினார் டாக்டர் அம்மா. படிக்கத் தெரிந்தவர் ஊரில் எத்தனை பேர் என்று நான் கேட்டேன். “நீதான் இருக்கியே, வாயாலே படி,” என்றார்.

நானும் தொண்டை வற்றக் கத்தினேன். வெளியே கையில் சோற்று மூட்டையோடு நிற்கும் ஒறம்பரைச் சொந்தக்காரர்களைக் குச்சி எடுத்து விரட்டினேன். வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தேனே தவிர, வேலியைப் பார்க்கவில்லை.

அத்தாயிக்கு நாள் குறித்தாயிற்று. அன்று காலை அவளைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி உடுத்தி, வெறும் வயிற்றோடு உட்கார வைத்திருந்தேன். பயமா என்று கேட்டேன். “பயமில்லீங்க. மறுக்காவும் அனுப்பிப் போடுவீங்களோன்னுதான்,” என்றாள். அடி போடி, இந்தத் தடவை எமனே வந்தாலும் அனுப்ப மாட்டேன் என்றேன். என் வாயில் சனி இருந்திருக்க வேண்டும். பின்பக்கம் சத்தம் கேட்டு ஓடினேன். கந்தம்மாள் கிணற்றடியில் சுருண்டு கிடந்தாள். வாந்தி. சேலை முழுக்க அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

கந்தம்மாள் என்ன செய்திருக்கிறாள் தெரியுமா? பக்கத்து ஊரில் சித்தப்பன் மகன் பெண்டாட்டி வாந்திபேதியில் செத்துப்போனாள் என்று வேலியோரம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். துக்கம் விசாரிக்க, கேதத்துக்குப் போகாமல் இருக்கலாமா? வேலிச் சந்தில் புகுந்து போய், பிணத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, அந்த வீட்டுக் கிணற்றில் தண்ணீரும் குடித்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பி வந்து படுத்துக்கொண்டிருக்கிறாள். கேட்டதற்குக் கொல்லைக்குப் போயிருந்தேன் என்றாள். நானும் நம்பினேன்.

வார்டு மூடியாயிற்று. மற்ற இரண்டு பேரையும் தனியே வைத்துப் பார்த்து வீட்டுக்கு அனுப்பினோம். டாக்டர் அம்மா மேசைக்கடியில் போட்டிருந்த பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். எனக்கோ, கந்தம்மாள் பிழைத்தால் நானே கழுத்தை நெரித்துவிடுவேன் என்று தோன்றியது.

கந்தம்மாளைத் தூக்கிப் போட்ட முன்கட்டில் ஆள் பற்றாக்குறை. அவளை யார் பார்த்துக்கொள்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அத்தாயி வெள்ளைத் துணியை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, மாமியார் கட்டிலுக்குப் போய்விட்டாள். அவளே துடைத்தாள், துணி மாற்றினாள், வாளியை எடுத்துக் கொட்டிவிட்டு வந்து கையை மருந்துத் தண்ணீரில் கழுவினாள். உனக்கும் தொற்றிக்கொள்ளும், போடி என்றேன். “ஈரத் துணி எனக்குப் பழக்கந்தானுங்க, அம்மிணி,” என்றாள். அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு நான் அங்கே நிற்கவில்லை, நின்றால் அழுதிருப்பேன்.

நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றி ஏற்றிக் கந்தம்மாளை இழுத்துப் பிடித்தார் டாக்டர் அம்மா. பிழைத்துக்கொண்டாள். எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்த அன்று நான் பிடித்துக்கொண்டேன்.

“ஏம்மா, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதா? உன் மருமக பொழைப்பைக் கெடுத்தியே! படல்ல எழுதிப் போட்டிருக்குது, நான் தொண்டை கிழியக் கத்தறேன், அதையெல்லாம் மீறி எதுக்கு ஓடுனே?”

கந்தம்மாளுக்கு உடம்பில்தான் பலமில்லை, வாய்க்கு எந்தக் குறையுமில்லை. “போவாம? பங்காளி ஊட்டுச் சாவுக்குப் போவாம இருந்தா, நாளைக்கு நாஞ் செத்தா எம் பொணத்துக்கு எவ வருவா? கையில காப்பா கட்டியிருக்குது, போவாம இருக்கறதுக்கு?” என்றாள்.

கன்னத்தில் ஒன்று போடலாமா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் அம்மா கட்டிலோரம் மெதுவாக உட்கார்ந்தார்.

“காப்பு கட்டியிருந்தா போக வேண்டாமா?”

“அதெப்படிங்க போறது? மாரியாத்தா கோயில்ல கம்பம் நட்டுக் காப்பு கட்டிட்டா ஊரு எல்லையத் தாண்டித் தங்கப்படாது, எழவு ஊட்டுக்குப் போவப்படாது. பெத்தவ செத்தாலும் போவப்படாதுங்க.”

“போகலைன்னா யாரும் தப்பாச் சொல்ல மாட்டாங்களா?”

“காப்பு கட்டுனவளை ஆருங்க தப்புச் சொல்லுவாங்க? ஆத்தா கண்ணக் குத்திப் போடுவா.”

டாக்டர் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஏட்டி, இந்த ஊர்லே நோம்பி எப்போ?” என்றார். கண்டுபிடித்துவிட்டேன், அது சந்தோஷத்து ஏட்டி.

எத்தனையோ டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். சொன்ன பேச்சு கேட்காத ஜனங்களை மூடர்கள் என்று திட்டிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடுவார்கள். நானும் அந்த ஜாதிதான். வேலியைத் தாண்டியவள் ஏன் தாண்டினாள் என்று அவள் கட்டிலில் உட்கார்ந்து கேட்ட ஒரே ஆள் எங்கள் குள்ள டாக்டர்தான்.

மறுநாளே மாரியம்மன் கோயில் பூசாரி குழந்தைவேல் பண்டாரத்துக்கு ஆள் போயிற்று. ஒல்லியான மனிதர், நெற்றி நிறையத் திருநீறு. வரும் செவ்வாய்க்கிழமை கோயிலில் கம்பம் நடுகிறார்கள். அன்றைக்கே பின்கட்டில் இருக்கப்போகிற எல்லோருக்கும் காப்பு கட்ட முடியுமா என்று டாக்டர் அம்மா கேட்டார்.

பூசாரி விழித்தார். “கட்டலாமுங்க. ஆனா காப்பு கட்டுனா வெளையாட்டில்லீங்க. தெனமும் தண்ணி வாத்துக்கோணும், தொவச்ச துணிதான் கட்டோணும். கவிச்சி ஆவாது. வெளியாளு கையில தண்ணி வாங்கிக் குடிக்கப்படாது. எல்லையத் தாண்டப்படாது.”

டாக்டர் அம்மா சிரித்துவிட்டார். “இதைத்தானே ஐயா நான் இத்தனை நாளா படல்லே எழுதி மாட்டியிருக்கேன்!”

“அப்பறம்… அம்மா வேதக்காரங்களாச்சே?”

“முதல்லே எனக்குத்தான் கட்டணும். நான் கட்டாம அவங்களைக் கட்டச் சொன்னா எவ கேப்பா? வெளியே போக மாட்டேன்னு ஒரு சத்தியம். அதைக் காப்பாத்த எனக்குத் தெரியும்.”

கவிச்சி ஆகாது என்றதும் நான் டாக்டர் அம்மா முகத்தைப் பார்த்தேன். கருவாடு இல்லாமல் ஒருவேளை சோறு இறங்காது அவருக்கு. “என்ன ஏட்டி பார்க்கே? என் கருவாட்டுப் பானையைத் தூக்கிச் சேலத்து டாக்டர்கிட்டே கொடுத்துடு,” என்றார். அவ்வளவு பெரிய தியாகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வாந்திபேதிக்காரியைத் தொட்டுப் பார்த்தவள் ஆயிற்றே என்று அத்தாயியைத் தனியே வைத்துக் கவனித்தோம். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. பின்கட்டை மறுபடியும் கழுவி, கிணற்றுக்கும் மருந்து போட்டோம். கந்தம்மாளும் முழுக்கத் தெளிந்துவிட்டாள் என்று டாக்டர் அம்மா சோதித்துப் பார்த்து உறுதி செய்துகொண்டார். இந்தக் கிழவி வேண்டாம், வேறு துணை பார்க்கலாம் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். “அவதான் இருக்கணும்,” என்றார் டாக்டர் அம்மா. ஏன் என்று சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை கோயிலில் கம்பம் நட்ட கையோடு பூசாரி மஞ்சள் நூலும் வேப்பிலையுமாக வந்தார். பின்கட்டு வாசலில் வேப்பிலைத் தோரணம் கட்டினார். “இதுதானுங்க இனி உங்களுக்கு எல்லை,” என்றார். டாக்டர் அம்மா சட்டைக் கையை மேலே தள்ளி, “மணிக்கட்டிலே வேண்டாம், முழங்கைக்கு மேலே கட்டுங்க. அறுக்கிறதுக்கு முன்னாலே கையைத் தேய்ச்சுக் கழுவணும்,” என்றார். எனக்கும் இன்னொரு நர்ஸுக்கும் அங்கேயே கட்டினார். பிறகு திரும்ப வரவழைத்த மற்ற இரண்டு நோயாளிகள், அவர்கள் துணைகள், கந்தம்மாள்.

அத்தாயி முறை வந்ததும் அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். “எனக்கு வேண்டாஞ் சாமி. எந்நேரமும் ஒழுகற ஒடம்பு. எங்கையில கட்டுனா ஆத்தாளுக்கு ஆவாது. எங்கூர்ல கோயில் பக்கமே உட மாட்டாங்க,” என்றாள்.

அவள் காப்பு கட்டாவிட்டால் கட்டுப்பாடு அங்கேயே உடைந்தது. கட்டினால் தீட்டு என்று பூசாரி சொல்லிவிட்டால் எல்லாமே உடைந்தது. எனக்கு நாக்கு நமநமத்தது. டாக்டர் அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

பூசாரி அவளையே பார்த்தார். “உன்ற பேரென்ன தாயி?”

“அத்தாயிங்க.”

“மடியில கொழந்த மூத்திரம் பேஞ்சா அந்தச் சேலையோட கோயிலுக்கு வர்றதில்லியா பொம்பளைங்க? ஆத்தா அவளுகளத் தொரத்தியா உடறா? அவளும் பெத்தவதானே சாமி. நீயும் பெத்ததாலதானே உனக்கிந்தக் கஷ்டம். நீட்டு கைய.”

அத்தாயி கையை நீட்டினாள். அவர் நூலைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டார். பண்டாரம் என்றால் சாராயம் குடித்துவிட்டு உடுக்கை அடிப்பவர் என்று இளப்பமாக நினைத்திருந்தவள் நான். அன்றைக்கு அவர் காலில் விழுந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அறுவை. நல்ல வெயில் வரட்டும் என்று காத்திருந்து ஆரம்பித்தோம். கூரை ஓடுகளைப் பிரித்துக் கண்ணாடி பதித்திருந்தோம். அது போதாமல் நான் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பிவிட்டுக்கொண்டே நின்றேன். குளோரோபாரம் கொடுக்கச் சேலத்து டாக்டரைக் கூப்பிட முடியாது, அவர் காலராப் பக்கம். என்னுடன் காப்பு கட்டிய இன்னொரு நர்ஸ்தான் கொடுத்தாள். டாக்டர் அம்மா பலகைமேல் ஏறினார். உள்ளே, கைவிரல் ஒன்றுகூட முழுதாகப் போகாத இடத்தில், தழும்பை அறுத்து விலக்கி, வெள்ளிக் கம்பியால் ஒவ்வொரு தையலாகப் போட்டார். அவசரமே இல்லை. ஒரு தையல் சரியில்லை என்று தோன்றினால் பிரித்துவிட்டுத் திரும்பப் போட்டார். கண்ணாடியைப் பிடித்த என் தோள் விட்டுப்போயிற்று. அவர் கழுத்தில் வேர்வை ஆறாக ஓடியது. கை மட்டும் ஆடவில்லை. என் அப்பன் அறுந்த பட்டு இழையை முடியும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். அதே மாதிரி இவரும் ஒவ்வொரு தையலுக்கும் மூச்சை அடக்கினார். கடைசித் தையலுக்கப்புறம் மருந்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். ஒரு சொட்டு கசியவில்லை.

“இனிமே என் கையிலே இல்லே. ரப்பர் குழாய் வழியாத்தான் சிறுநீர் போகணும். குழாய் அடைச்சுதுன்னா தையல் பிரிஞ்சிடும். பகல் ராத்திரி பக்கத்திலேயே ஒருத்தி இருந்து பார்க்கணும்,” என்றார்.

“நான் பாக்கறனுங்க,” என்றாள் கந்தம்மாள்.

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவள் பார்த்தாள். குழாயில் சொட்டு விழுகிறதா, கீழே வைத்த ஏனம் நிறைகிறதா என்று கட்டிலடியிலேயே குந்தியிருந்தாள். சொட்டு நின்றால் “அம்மிணீ!” என்று அவள் போடுகிற கூச்சலுக்கு நான் பாதிச் சோற்றில் எழுந்து ஓடுவேன். ஒருநாள் அவளாகவே என்னிடம் சொன்னாள்: “அங்க கட்டல்ல நான் என்ற பீயிலயே கெடந்தனில்லீங்க? என்னால எந்திரிக்க முடியல. நாத்தம் எனக்கே ஆவுல. இவ மூஞ்சியச் சுளிக்காமத் தொடச்சா. ரெண்டு வருசம் இவள மாட்டோட கட்டிப் போட்டிருந்தனே, பாவி நானு.” சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். ஆமாம், பாவிதான் என்றேன். பொய் சொல்ல எனக்கு வராது.

ஏழெட்டு நாள் போயிருக்கும். மத்தியானம் தோரணத்துக்கு வெளியே சென்றாயன் வந்து நின்றான். பெண்டாட்டியைப் பார்க்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, “ஆத்தா, மாமன் போயிட்டாரு,” என்றான்.

கந்தம்மாளின் கூடப்பிறந்த அண்ணன். ஒரே அண்ணன். தகப்பன் செத்தபிறகு இவளைத் தோளில் போட்டு வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். அவருக்கும் வாந்திபேதி.

கந்தம்மாள் எழுந்து தோரணம் வரை ஓடினாள். எனக்கு உயிரே போயிற்று. சித்தப்பன் மகன் பெண்டாட்டிக்கே வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடியவள், பிறந்தவனுக்கு நிற்பாளா? நான் குறுக்கே போய் நிற்க நினைத்தேன். டாக்டர் அம்மா வராந்தாவிலிருந்து வேண்டாம் என்று தலையசைத்தார். அந்த நேரத்தில் அவரும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றிருந்தார்.

தோரணத்தின் இந்தப் பக்கம் கந்தம்மாள் நின்றாள். அண்ணன் ஊர் இருக்கும் திசையைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டாள். “அண்ணா! எம் பொறந்தவனே! உன்ற மூஞ்சியக் கடைசியாப் பாக்கக் குடுத்து வெக்கலியே!” என்று அவள் வைத்த ஒப்பாரிக்கு முன்கட்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். ஆனால் அவள் காலை எடுத்து எல்லைக்கு வெளியே வைக்கவில்லை. அழுது ஓய்ந்ததும் கையிலிருந்த மஞ்சள் நூலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“காப்பு கட்டியிருக்கறன்னு சொல்லிப் போடு சாமி,” என்றாள் மகனிடம். “ஆரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. போ. எடுத்துக் காரியத்தப் பாரு.”

பிறகு கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் வார்த்துக்கொண்டு, துவைத்த சேலை கட்டி, கட்டிலடியில் வந்து குந்திக் குழாயைப் பார்த்தாள். அத்தாயி படுத்தபடியே கையை நீட்டி மாமியார் ஈரத்தலையைத் தொட்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். நானும் அழுதேன். மாமியாரைத் துணையாக வைக்க வேண்டாம் என்று குதித்தவள் நான்தான், அதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

குழாயை எடுக்கும் நாள் வந்தது. எடுத்துவிட்டு, இடுப்புக்கடியில் வெள்ளை விரிப்புப் போட்டு, அத்தாயியைப் பேசாமல் படுக்கச் சொன்னார் டாக்டர் அம்மா. அவர் வெளியே போய் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அறுக்கும்போது நடுங்காத ஆள், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வெகுநேரம் கழித்து உள்ளே வந்து, “ஏட்டி, பாரு,” என்றார். எனக்குப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கந்தம்மாள்தான் அவள் இடுப்புக்கடியில் கையை விட்டு விரிப்பைத் தடவினாள். மறுபடி தடவினாள். கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

“காஞ்சிருக்குதுங்க,” என்றாள்.

“எனக்கு ஒண்ணுக்குப் போவோணும்போல இருக்குதுங்க,” என்று அத்தாயி மெதுவாகச் சொன்னாள். இரண்டு வருஷமாக அவளுக்கு வராத உணர்ச்சி அது. டாக்டர் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, “ஏட்டி, ஏட்டி!” என்றார். ஆஸ்பத்திரியில் ஒருத்தி சிறுநீர் வருகிறது என்று சொன்னதற்கு இத்தனை பேர் கூடி ஆனந்தப்பட்டது அன்றைக்குத்தான்.

கோயிலில் கம்பம் பிடுங்கிக் கிணற்றில் விடுகிற அன்று, மேளத்தோடு அதை எங்கள் தெரு வழியாகத்தான் எடுத்து வந்தார்கள். வீட்டுக்கு வீடு பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். குடம் தூக்கக்கூடாது என்று டாக்டர் அம்மா உத்தரவு போட்டுவிட்டதால், அத்தாயி ஒரு சின்னச் சொம்போடு தோரணத்தடியில் நின்றாள். பூசாரி கம்பத்தை நிறுத்தச் சொன்னார். அவள் ஊற்றினாள். பிறகு அவரே உள்ளே வந்து எல்லோருக்கும் காப்பை அவிழ்த்தார். டாக்டர் அம்மா அன்றைக்கே கருவாட்டுப் பானையைத் திரும்ப வாங்கி வரச் சொன்னார். சேலத்து டாக்டர் பாதியைத் தீர்த்திருந்தார்.

பின்கட்டில் அடுத்த மூன்று பேர் வந்தார்கள், அதற்கப்புறமும் வந்தார்கள். ஊரில் நோம்பி முடிந்துவிட்டாலும் எங்கள் வாசலுக்கு மட்டும் பூசாரி தோரணம் கட்டிக் காப்பு கொடுத்தார். வாந்திபேதி முழுக்க ஓயும்வரை ஒருத்தியும் வேலியைத் தாண்டவில்லை.

அத்தாயியை வைகாசியில்தான் அனுப்பினோம். சென்றாயன் அதே கட்டைவண்டியைக் கொண்டுவந்தான். கந்தம்மாள் வைக்கோலைக் கை நிறைய அள்ளி அள்ளிப் போட்டு, அதன்மேல் தன்னுடைய கோரைப்பாயை விரித்தாள். அத்தாயி பழக்கத்தில் வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள்.

“அங்க எதுக்குப் போற? ஏறு,” என்றாள் கந்தம்மாள்.

நேராக ஊருக்கா என்று நான் கேட்டேன்.

“இல்லீங்க அம்மிணி. எங்கண்ணன் ஊட்டுக்குப் போறோம். அண்ணிகிட்ட இன்னும் கேதங் கேக்கல,” என்றாள். “பொம்பளைங்கெல்லாம் பாயில உக்காந்திருப்பாங்க. இவள எம் பக்கத்துல உக்கார வெக்கோணும்.”

அத்தாயி அந்தப் பாயில் ஏறி உட்கார்ந்தாள்.